இத்தாலியில் படித்துக்கொண்டே பழைய இடிபாடுகளைப் பார்ப்பது எப்படி? சேலத்துக்காரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ரோமில் முதுகலை முடித்து ஊர் திரும்பிய பிறகு, இத்தாலிக்குக் கிளம்பும் பிள்ளைகளும் அவர்களை அனுப்பிவைக்கும் பெற்றோரும் என்னிடம் விசாரிக்க வருகிறார்கள். அட்மிஷன், விசா, வாடகை என்று தொடங்கும் பேச்சு எப்படியோ கொலோசியத்திலும் பொம்பெயியிலும் வந்து நிற்கும். அஸ்தம்பட்டியில் கேட்டதையே ஆத்தூரிலும் கேட்கிறார்கள். அதனால் அவர்கள் கேட்டபடியே கேள்விகளை எழுதி, பதிலையும் கீழே கொடுத்திருக்கிறேன். ஒருமுறை சொன்னதைத் திரும்பச் சொல்லவில்லை. மேலிருந்து வரிசையாகப் படித்து வந்தால் குழப்பம் இருக்காது.

படிக்க அனுப்பினால் ஊர் சுற்றுகிறானே, இதெல்லாம் தேவையா?

வங்கிக் கடன் வாங்கி அனுப்பிய அப்பாக்கள் கேட்பது. நியாயமான கேள்விதான். ஆனால் ரோமில் குடியிருப்பவன் இடிபாடுகளைப் பார்க்க நெடும்பயணம் எதுவும் போக வேண்டியதில்லை. நகரத்துப் பஸ்களே அவற்றைச் சுற்றிக்கொண்டுதான் ஓடுகின்றன. உள்ளே போய்ப் பார்க்க ஒரு சனிக்கிழமை போதும்.

இத்தாலியப் பல்கலைக்கழகங்களில் தேர்வுகள் பெரும்பாலும் ஜனவரி-பிப்ரவரி, ஜூன்-ஜூலை, செப்டம்பர் என்று மூன்று பருவமாக வரும். அந்த வாரங்களைத் தொடாமல் மார்ச், அக்டோபர் கடைசி, நவம்பர் என்று பார்த்துக்கொண்டால் படிப்பு கெடாது. கூட்டமும் வெயிலும்கூட அப்போது குறைவு.

முதலில் எதைப் பார்ப்பது?

ரோமில் கொலோசியம் என்ற பழைய அரங்கம், அதை ஒட்டி அந்தக் காலத்து நகரச் சதுக்கமான ரோமன் ஃபோரம், பேரரசர்களின் அரண்மனைகள் இருந்த பலடைன் குன்று. மூன்றுக்கும் ஒரே டிக்கெட். அடுத்தது பொம்பெயி. கி.பி. 79இல் வெசுவியஸ் எரிமலை வெடித்துச் சாம்பலில் புதைந்த ஊர். 1748இல் தோண்டத் தொடங்கினார்கள். ஏறத்தாழ 66 ஹெக்டேர் பரப்பில் இன்னும் மூன்றில் ஒரு பங்கு மண்ணுக்குள்தான் இருக்கிறது. நேரம் கிடைத்தால் ரோமுக்குப் பக்கத்திலேயே உள்ள பழைய துறைமுக நகரம் ஓஸ்தியா அன்திகா.

ஒரு விடுமுறைக்குள் எட்டு இடம் என்று பட்டியல் போட்டுக்கொண்டு வருகிறவர்களிடம் நான் சொல்வது: இரண்டு இடத்தை நிதானமாகப் பாருங்கள். எட்டாவது இடத்துக்குப் போகும்போது எல்லாத் தூணும் ஒன்றுபோலத்தான் தெரியும்.

அண்ணா, கைடு இல்லாமல் நாங்களே சுற்றினால் என்ன குறைந்துவிடும்?

கொலோசியத்தில் பெரிதாக ஒன்றும் குறையாது. அது என்னவென்று பார்த்தவுடனே தெரிந்துவிடும். பேரரசர் வெஸ்பாசியன் தொடங்கினார், மகன் டைட்டஸ் கி.பி. 80இல் திறந்துவைத்தார், மல்லர்களும் விலங்குகளும் மோதிய இடம் என்பதெல்லாம் தகவல் பலகையிலேயே இருக்கிறது. அரங்கத் தரைக்கு அடியில் உள்ள அறைகளைப் பார்க்க வேண்டுமென்றால் மட்டும் அதற்கான தனி டிக்கெட் எடுக்க வேண்டும்.

ரோமன் ஃபோரத்தில் கைடு இல்லாமல் நின்றால் பாதி மதிலும் புல்லும்தான் கண்ணில் படும். அங்கே எமிலியா பசிலிக்கா என்ற மண்டபத்தின் தரை மட்டும் மிஞ்சியிருக்கிறது. பளிங்கின் மேல் பச்சைப் பச்சையாகச் சின்னக் கறைகள். காட்டித்தராவிட்டால் பாசி என்று நினைத்துத் தாண்டிப் போய்விடுவீர்கள். தீப்பிடித்த மண்டபத்தில் செப்புக் காசுகள் உருகித் தரையில் ஒட்டிக்கொண்ட தடயம் அது, கி.பி. 410இல் கோத்தியர் என்ற ஜெர்மானிய இனத்தாரின் படை அலாரிக் என்ற அரசன் தலைமையில் ரோமைச் சூறையாடியதோடு அதைச் சேர்த்துச் சொல்வார்கள். கொஞ்சம் தள்ளி ஜூலியஸ் சீசரின் உடலை எரித்த இடத்தில் கட்டிய கோயிலின் மண்மேடு. அங்கே இன்றைக்கும் யாராவது பூ வைத்துவிட்டுப் போகிறார்கள். இவற்றைக் காட்டத்தான் கைடுக்குப் பணம் கொடுக்கிறோம்.

ஆக, ஃபோரத்துக்கும் பொம்பெயிக்கும் கைடு வையுங்கள். கொலோசியத்துக்கும் ஓஸ்தியாவுக்கும் முந்தின நாள் இரவு ஒரு மணி நேரம் படித்துவிட்டுப் போனால் போதும்.

நல்ல கைடு, போலிக் கைடு என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

இத்தாலியில் காசு வாங்கிக்கொண்டு வழிகாட்டுவதற்கு அரசு உரிமம் வேண்டும். உரிமம் பெற்றவர் அட்டையைக் கழுத்தில் மாட்டியிருப்பார்; காட்டச் சொன்னால் கோபித்துக்கொள்ள மாட்டார். கொலோசியம் மெட்ரோ வாசலில் "வரிசையில் நிற்காமல் உள்ளே போகலாம்" என்று கையைப் பிடிக்காத குறையாகக் கூப்பிடுகிறவர்கள் பெரும்பாலும் தரகர்கள். அவர்கள் தாண்ட வைப்பது டிக்கெட் வரிசையை மட்டும்தான். பாதுகாப்புச் சோதனை வரிசையை யாராலும் தாண்ட முடியாது.

என்னைக் கேட்டால் முதல் தேர்வு, அந்தந்தத் தொல்லியல் பூங்காவின் சொந்த இணையதளத்தில் கிடைக்கும் வழிகாட்டியுடன் கூடிய நுழைவுதான். விலையும் குறைவு. ரோமானியப் போர்வீரன் வேடத்தில் நிற்பவரோடு படம் எடுத்துக்கொள்ள நினைத்தால், எவ்வளவு என்று முதலிலேயே பேசிவிடுங்கள்.

இலவசச் சுற்றுலா என்று போட்டிருக்கிறார்கள். உண்மையிலேயே இலவசமா?

கட்டணம் கிடையாது, கடைசியில் அன்பளிப்பு உண்டு. அந்த அன்பளிப்புதான் அவருடைய சம்பளம். இரண்டு மணி நேரம் தொண்டை வறளப் பேசியவரிடம் சில்லறையைத் திணித்துவிட்டு நழுவுவது அசிங்கம். ஆளுக்கு 10 யூரோவாவது கொடுக்கலாம். இந்தச் சுற்றுலாக்கள் பெரும்பாலும் தெருவோடு சரி; வேலிக்குள் போக டிக்கெட் தனி.

என்னிடம் மாணவர் அடையாள அட்டை இருக்கிறது. பாதி விலைக்கு டிக்கெட் தருவார்களா?

இந்தக் கேள்வியில்தான் நம் பிள்ளைகள் அதிகம் ஏமாறுகிறார்கள். அரசுத் தொல்லியல் இடங்களில் 18 முதல் 25 வயது வரை 2 யூரோ என்ற சலுகை ஐரோப்பிய ஒன்றியக் குடிமக்களுக்கு உரியது. பார்ப்பது பாஸ்போர்ட்டைத்தான், மாணவர் என்பதற்காகக் கொடுக்கும் சலுகை அல்ல. இந்திய பாஸ்போர்ட்டோடு போனால் முழு விலை. கொலோசியத்துக்கு 18 யூரோ அளவில் வரும்.

இரண்டு வழி இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியப் பல்கலைக்கழகத்தில் கட்டடக்கலை, பண்பாட்டுச் சொத்துப் பாதுகாப்பு, தொல்லியல் அல்லது கலை வரலாறு சார்ந்த படிப்பில் சேர்ந்திருந்தால், எந்த நாட்டுக்காரராக இருந்தாலும் இலவசம். நடப்பு ஆண்டுச் சேர்க்கைச் சான்றிதழைக் காட்ட வேண்டும். மெக்கானிக்கல், டேட்டா சயின்ஸ் மாணவர்கள் இதில் வரமாட்டார்கள். இரண்டாவது வழி எல்லோருக்கும் பொது: ஒவ்வொரு மாதமும் முதல் ஞாயிற்றுக்கிழமை அரசு அருங்காட்சியகங்களிலும் தொல்லியல் இடங்களிலும் நுழைவு இலவசம்.

அப்படியானால் முதல் ஞாயிற்றுக்கிழமையே கொலோசியம் போய்விடலாமே?

போகலாம், ஆடித் திருவிழாவில் கோட்டை மாரியம்மனைத் தரிசிக்கும் பொறுமை இருந்தால். அந்த இலவச ஞாயிறை ஓஸ்தியா அன்திகாவுக்கு வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம். பிரமிடே மெட்ரோ நிலையத்துக்குப் பக்கத்திலிருந்து புறநகர் ரயில் கிளம்புகிறது. சாதாரண நகர டிக்கெட்டே செல்லும், அரை மணி நேரப் பயணம்.

அங்கே வணிகச் சங்கங்களின் சதுக்கம் ஒன்று உண்டு. ஒவ்வொரு கப்பல் வணிகரின் கடை முன்பும் தரையில் கறுப்பு வெள்ளைக் கல் பதித்த படம்: கப்பல், கலங்கரை விளக்கம், தானிய அளவை. ஒரு கடை முன்பு யானை. தெருவில் நடப்பவர் எழுத்துத் தெரியாதவராக இருந்தாலும் எந்தக் கடை யாருடையது என்று கண்டுகொள்ளலாம்.

டிக்கெட்டை நண்பர் பெயரில் எடுத்துவிட்டு நான் போகலாமா?

முடியாது. கொலோசியத்தில் 2023இலிருந்து டிக்கெட்டில் பெயர் இருக்கும், வாசலில் பாஸ்போர்ட்டோடு ஒத்துப்பார்ப்பார்கள். பொம்பெயியிலும் 2024 நவம்பரிலிருந்து பெயர் போட்ட டிக்கெட்தான். ஒரு நாளைக்கு 20,000 பேர் என்று உச்ச வரம்பும் வைத்துவிட்டார்கள். பெயருக்கும் இனிஷியலுக்கும் இடையே நம் பாஸ்போர்ட்டுகளில் வரும் குழப்பம் தெரிந்ததுதானே; பாஸ்போர்ட்டில் உள்ளபடியே எழுத்து மாறாமல் பதியுங்கள்.

ரோமிலிருந்து பொம்பெயிக்கு ஒரே நாளில் போய்த் திரும்ப முடியுமா?

முடியும். ரோமிலிருந்து நேப்பிள்ஸுக்கு அதிவேக ரயிலில் ஒன்றேகால் மணி நேரம். மெதுவாகப் போகும் வட்டார ரயில் மலிவு; காகித டிக்கெட் எடுத்தால் ஏறுவதற்கு முன் நடைமேடையில் உள்ள இயந்திரத்தில் முத்திரை குத்த வேண்டும். மறந்தால் டிக்கெட் கையில் இருந்தும் அபராதம். நேப்பிள்ஸ் கரிபால்டி நிலையத்தின் கீழ்த்தளத்தில் சொரென்டோ போகும் சிற்றூர் ரயில் ஏறி 'பொம்பெய் ஸ்காவி' நிலையத்தில் இறங்கினால் எதிரிலேயே வாசல். அந்த ரயிலில் பையை முன்பக்கம் மாட்டிக்கொள்ளுங்கள்.

பொம்பெயிக்கு ஐந்து மணி நேரமாவது வேண்டும். அதே நாளில் வெசுவியஸ் மலை, நேப்பிள்ஸ் அருங்காட்சியகம் என்று சேர்த்துக்கொண்டால் மூன்றையும் ஓட்டமாக ஓடித்தான் பார்க்க வேண்டியிருக்கும். அருங்காட்சியகத்துக்கு இன்னொரு நாள் ஒதுக்குங்கள் (செவ்வாய் விடுமுறை). ஊரை முதலில் பார்த்துவிட்டு, அந்த வீடுகளிலிருந்து எடுத்த பொருள்களை அப்புறம் பார்த்தால் எது எங்கே இருந்தது என்று மனத்தில் ஒட்டும்.

சேலம் வெயிலில் வளர்ந்தவனுக்கு அந்த வெயில் எம்மாத்திரம்?

சேலத்தில் மே மாத மதியம் 1 மணிக்கு நீங்கள் எங்கே இருப்பீர்கள்? மின்விசிறிக்குக் கீழே. பொம்பெயியில் ஜூலை மதியம் 1 மணிக்கு நிழலே இல்லாத கல் தெருவில் நடந்துகொண்டிருப்பீர்கள். வித்தியாசம் அதுதான். தொப்பி, தண்ணீர் பாட்டில் கட்டாயம். ரோம் தெருக்களில் இரவும் பகலும் ஓடும் இரும்புக் குழாய்களில் வருவது நல்ல குடிநீர். பாட்டில் தண்ணீருக்குக் காசைக் கொட்ட வேண்டாம். கண்ணாடிப் பாட்டில் மட்டும் கொலோசியத்தில் அனுமதி இல்லை.

காலணியில் சிக்கனம் பார்க்காதீர்கள். பொம்பெயித் தெருக்கள் மேடும் பள்ளமுமான பெரிய எரிமலைக் கற்கள். கிளம்புவதற்கு முன் அந்தக் காலணியோடு சங்ககிரிக் கோட்டை உச்சிவரை ஒருமுறை ஏறி இறங்குங்கள். கால் கடிக்கவில்லை என்றால் அங்கேயும் கடிக்காது.

பொம்பெயியில் அப்படி என்னதான் இருக்கிறது? பாதி சுவர்தானே?

எனக்குப் பிடித்தது ரொட்டிக் கடைகள். முற்றத்தில் ஆளுயரத்துக்குக் கொஞ்சம் குறைவாகக் கறுத்த எரிமலைக் கல் எந்திரங்கள் நிற்கும். அடியில் கூம்பு, அதன் மேல் இடை சிறுத்த உருளை. நம் பாட்டி வீட்டுத் திருகையைப் பத்து மடங்கு பெரிதாக்கி, கைப்பிடி இருக்கும் இடத்தில் மரக்கட்டை செருகிக் கழுதையைப் பூட்டியதாக வைத்துக்கொள்ளுங்கள். உருளையின் பக்கவாட்டில் அந்தக் கட்டை செருகிய சதுரத் துளை இருக்கிறது. பக்கத்திலேயே செங்கல் அடுப்பு. அப்படி ஓர் அடுப்பில் கரியாகிப் போன ரொட்டிகள் எட்டுத் துண்டாகப் பிட்டுக்கொள்ளக் கீறிய கோடுகளோடு அப்படியே கிடைத்தன. நேப்பிள்ஸ் அருங்காட்சியகத்தில் பார்க்கலாம்.

தெருவைக் கடக்க நடுவில் உயரமான கற்கள் போட்டிருக்கிறார்கள், கால் சாக்கடையில் படாமல் தாண்ட. கற்களுக்கு இடையில் வண்டிச் சக்கரம் போக இடைவெளி. அங்கே கல்லையே அரைத்துப் பள்ளமாக்கிய தடம். கைடு இதை ஒரு வரியில் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவார். நீங்கள் குனிந்து அந்தத் தடத்தில் விரலை வைத்துப் பாருங்கள்.

பிணங்களைக் காட்டுகிறார்களாமே? பார்த்துவிட்டு வந்து தலைக்குக் குளிக்க வேண்டுமா?

கேட்டது ஒரு பாட்டி. சிரிக்கிற கேள்வி அல்ல. சாம்பலுக்குள் புதைந்த உடல்கள் காலப்போக்கில் மக்கிப்போய், அவை இருந்த இடம் வெற்றிடமாக நின்றது. 1863இலிருந்து ஜூசெப்பே ஃபியோரெல்லி என்ற தொல்லியலாளர் அந்த வெற்றிடத்தில் நீர்த்த ஜிப்சத்தை ஊற்றி, இறுகிய பிறகு சுற்றியுள்ள சாம்பலை அகற்றினார். வாயைப் பொத்தியபடி, குழந்தையை அணைத்தபடி இறந்தவர்களின் உருவம் கிடைத்தது. நாம் பார்ப்பது வார்ப்பு. ஆனால் பலவற்றுக்கு உள்ளே எலும்பு இருக்கிறது, ஆகவே வெறும் பொம்மை என்றும் சொல்ல முடியாது. குளிப்பது உங்கள் விருப்பம். அவர்கள் முன்னால் நின்று சிரித்துக்கொண்டு செல்ஃபி எடுக்காமலிருந்தால் போதும்.

என் மகளைத் தனியாக அனுப்பலாமா?

பகலில், கூட்டம் உள்ள இடங்களுக்கு, தாராளமாக. பயப்பட வேண்டியது ஜேப்படித் திருடர்களுக்கு: ரோமின் தெர்மினி நிலையம், மெட்ரோ, மேலே சொன்ன சிற்றூர் ரயில். பாஸ்போர்ட்டை உள்பையில் வையுங்கள், அதன் படத்தைத் தனியாக மின்னஞ்சலில் வையுங்கள். அவசர எண் 112. வழிகாட்டியுடன் செல்லும் சிறு குழுவில் சேர்ந்தால் துணையும் ஆயிற்று. சில நட்புகளும் அப்படித்தான் கிடைக்கின்றன.

கைடு பேசும் ஆங்கிலம் புரியாமல் போனால்?

காதில் மாட்ட ஒரு சின்னக் கருவி தருவார்கள். கைடு பேசுவது அதில் கேட்கும். படம் எடுக்கிறேன் என்று பின்தங்கினால் கரகரவென்று ஒலித்து நின்றுவிடும். அவருக்குப் பக்கத்திலேயே நடங்கள். இத்தாலிய உச்சரிப்பு முதல் கால்மணி நேரம் திணறடிக்கும், அப்புறம் பழகிவிடும். புரியாவிட்டால் கேளுங்கள். நம் பிள்ளைகள் வகுப்பில் போலவே அங்கேயும் பின்வரிசையில் நின்று தலையாட்டுகிறார்கள்.

எங்கள் வீட்டில் முட்டைகூடச் சாப்பிட மாட்டோம். அங்கே என்ன செய்வது?

தக்காளி, பூண்டு, எண்ணெய் போட்ட மரினாரா பீட்சாவில் சீஸ் கிடையாது. பெக்கொரினோ, பார்மிஜானோ போன்ற சீஸ்களில் கன்றுக்குட்டி அல்லது ஆட்டுக்குட்டியின் இரைப்பைச் சாறு சேர்ப்பார்கள். கடும் சைவர்கள் கவனிக்கவும். அறையில் கிளறிய புளிச்சாதம் எல்லாவற்றையும்விட உத்தமம்.

ரோமுக்கும் நம் ஊருக்கும் என்ன சம்பந்தம்? எதற்கு இவ்வளவு மெனக்கெட வேண்டும்?

1987இல் சேலம் கோனேரிப்பட்டியில் ரோமானிய வெள்ளிக் காசுகள் கிடைத்தன. கரூரிலும் கோவை வெள்ளலூரிலும்கூடக் கிடைத்திருக்கின்றன. இந்தியாவுக்கு ஆண்டுதோறும் 5 கோடி செஸ்டர்ஸ் (ரோமானிய நாணயம்) போய்விடுகிறதே என்று ரோமானிய அறிஞர் பிளினி கி.பி. முதல் நூற்றாண்டில் புலம்பி எழுதியிருக்கிறார். அந்தப் பணம் பெரிதும் மிளகுக்குப் போனது. ஏற்காட்டுக் காப்பித் தோட்டங்களில் சில்வர் ஓக் மரத்தில் படர்கிற அதே கொடிதான். அன்று மேற்குக் கடற்கரையிலிருந்து கப்பலேறியது. ரோமன் ஃபோரத்தில் மாக்சென்டியஸ் பசிலிக்காவுக்கு அடியில் பழைய மிளகுக் கிடங்கு இருக்கிறது. "மிளகுக் கிடங்கு எங்கே?" என்று கைடிடம் கேட்டுப் பாருங்கள்; அவர் முகம் மாறும், பேச்சும் மாறும்.

1938இல் பொம்பெயியின் ஒரு வீட்டில் இந்தியத் தந்தச் சிலை ஒன்று கிடைத்தது. இரண்டு பக்கமும் தோழியர் நிற்க, கழுத்து நிறைய அணிகலனோடு ஒரு பெண், ஒரு சாண் உயரம். பொம்பெயி லட்சுமி என்று பெயர் வைத்தார்கள். யட்சி என்பவர்களும் உண்டு. நேப்பிள்ஸ் அருங்காட்சியகத்தில் நுழையும்போதே எந்த அறை என்று கேட்டுவிடுங்கள்.

கைடு ஆகஸ்ட் என்கிறார், இணையத்தில் அக்டோபர் என்கிறார்கள். எரிமலை வெடித்தது எப்போது?

பிளினியின் சகோதரி மகன் வெடிப்பைப் பற்றி எழுதிய கடிதத்தின் கைப்பிரதிகளில் ஆகஸ்ட் 24 என்று இருக்கிறது. 2018இல் ஒரு வீட்டுச் சுவரில் அக்டோபர் 17ஐக் குறிக்கும் கரி எழுத்து கிடைத்தது. கரி சீக்கிரம் அழிந்துவிடும், ஆகவே அந்த அக்டோபரில் ஊர் உயிரோடு இருந்தது என்பது வாதம். மாதுளை போன்ற இலையுதிர்காலப் பழங்கள் கிடைத்ததும் அதற்கு வலு. ஆனால் அந்தக் கிறுக்கலில் ஆண்டு இல்லை, வழக்கு முடியவில்லை. இரண்டையும் சொல்லும் கைடு நல்ல கைடு.

நினைவாக ஒரு சின்னக் கல்லை எடுத்து வரலாமா?

கூடாது, அது குற்றம். பொம்பெயியிலிருந்து கல் எடுத்துப் போனவர்கள், அதற்குப் பிறகு வாழ்க்கையில் ஒன்றும் விளங்கவில்லை என்று மன்னிப்புக் கடிதத்தோடு தபாலில் திருப்பி அனுப்புவது வழக்கமாகவே நடக்கிறது. சாபத்தை நம்பாதவர்கள் சட்டத்தை நம்பலாம்: நினைவுச் சின்னங்களைச் சேதப்படுத்துவோருக்கு 2024இல் வந்த சட்டப்படி அபராதம் 10,000 யூரோவில் தொடங்கி 60,000 வரை போகும். ஏற்காட்டுப் பாறைகளில் பெயரெழுதிப் பழகிய கை அங்கே பையிலேயே இருக்கட்டும்.

இத்தாலி விசாவோடு கிரேக்கம் போய் ஏதென்ஸ் அக்ரோபோலிஸையும் பார்க்கலாமா?

உங்கள் நீண்டகால விசா செல்லுபடியாகும் வரை, மற்ற ஷெங்கன் நாடுகளில் (தங்களுக்குள் எல்லைச் சோதனையை நீக்கிக்கொண்ட ஐரோப்பிய நாடுகள்) எந்த 180 நாளிலும் 90 நாள் வரை தங்கலாம். வசிப்பு அனுமதி அட்டை கைக்கு வந்துவிட்டாலும் அப்படியே. சிக்கல் இடையில்தான். இத்தாலி வந்த 8 வேலை நாளுக்குள் தபால் நிலையம் வழியாக அட்டைக்கு விண்ணப்பிப்பீர்கள். அட்டை வர மாதக்கணக்காகும். அதற்குள் விசா முடிந்து, தபால் நிலைய ரசீது மட்டும் கையில் இருந்தால் வேறு ஷெங்கன் நாட்டுக்குப் போக முடியாது. ஊருக்கு விமானம் ஏறும்போதும் பிராங்க்ஃபர்ட், பாரிஸ் வழியாக எடுக்காமல் துபாய், தோஹா வழியாக எடுங்கள். ஏதென்ஸ் டிக்கெட் போடுவதற்கு முன் விசா முடியும் தேதியைப் பாருங்கள், விமான விலையை அப்புறம் பார்க்கலாம்.

நாங்கள் மகனைப் பார்க்க வரும்போது எங்களையும் அழைத்துப் போக முடியுமா? அவன் அப்பாவுக்கு முழங்கால் வலி.

முடியும். கொலோசியத்தில் மின்தூக்கி இருக்கிறது. பொம்பெயியில் சக்கர நாற்காலியும் போகும்படி சமன்படுத்திய பாதை ஒன்று மூன்று கிலோமீட்டருக்கு மேல் போட்டிருக்கிறார்கள். ஆம்பிதியேட்டர் பக்க வாசலில் நுழைந்தால் அதைப் பிடிக்கலாம். உரிமம் பெற்ற கைடு என்றால் அதை ஒட்டியே அழைத்துப் போகச் சொல்லுங்கள். அந்த ஊரில் பழைய விலைமாதர் விடுதி ஒன்றும் உண்டு, சுவரில் ஓவியங்களோடு. எல்லாக் குழுவும் அங்கே போகும். குடும்பத்தோடு சங்கடம் என்றால் முன்கூட்டியே சொல்லிவிட்டால் தவிர்த்துவிடுவார். காலை 9 மணிக்கே உள்ளே போகும்படி டிக்கெட் எடுங்கள். மதியச் சாப்பாட்டு நேரத்துக்குள் வெளியே வந்துவிடலாம்.